அப்பா எண்ணெய் வைத்த இருபத்தொரு நாட்கள்

அப்பாவின் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வழமையாக இந்தப் பக்கங்களில் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பார்த்த உத்தியோகம் என்று வரிசையாக வரும். அவற்றையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் மலர் கதிரைக்குக் கீழே போய்விடும் என்பது எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீடுகளில் அப்படி வைத்துவிட்டு எழும்பியவள்தான். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் வடக்கே மீசாலையில் சித்தப்பா காலமானார். அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. அந்தச் செத்தவீட்டுக்கு அப்பா வரவில்லை. செய்தி தெரிந்தும், கண்டியில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று உங்களில் பலர் இன்றுவரை நினைக்கிறீர்கள். சித்தியும் அப்படித்தான் நினைக்கிறார். அது பிழை. அப்பாவுக்குச் செய்தி தெரியாது. மறைத்தவள் நான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது.

"கல்வெட்டில உதெல்லாம் போடுறதோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும் அம்மா. மூண்டு வருஷமா அப்பாவைச் சொன்னவை. இனி என்னைச் சொல்லட்டும்."

அம்மா எழும்பிப் போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா பிறந்தது மீசாலையில். தகப்பனாரைப் பன்னிரண்டு வயதில் இழந்தார். அப்போது சித்தப்பாவுக்கு நான்கு வயது. தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்திப் பாடசாலைக்கு ஏற்றிப் போனது, தனக்கு வாங்கிய சப்பாத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பரீட்சைக்குப் போனது எல்லாம் நீங்கள் அறிந்ததே. படிப்பு முடிந்ததும் தொலைபேசித் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து கண்டிக்கு வந்தார். அம்மாவைக் கைப்பிடித்ததும், அம்பிட்டியவில் இந்த மலைச்சரிவில் நாற்பத்து மூன்று படி ஏறிப்போகும் வீட்டைக் கட்டியதும், என்னைப் பெற்றதும் இங்கேதான்.

அப்பாவுக்கு வேலை என்றால் உயிர். மழையில் மரம் முறிந்து மடுல்கெல்லப் பக்கம் லைன் அறுந்தால், மோட்டார் சைக்கிளில் வயரைச் சுற்றிக்கொண்டு அவரே கிளம்பிவிடுவார். திருத்திய பிறகு அந்த வீட்டாரைக் கொண்டே ஒரு கோல் எடுக்கச் சொல்லி, மறுமுனையில் ஆள் கதைக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

யுத்த காலத்தில் வடக்குக்கான லைன் இல்லாமல் போனது. அப்பம்மா மீசாலையில் கண்மூடினார். ஊர் முழுவதற்கும் லைன் திருத்திக் கொடுத்த மனுஷனுக்குத் தன் தாயின் செய்தி பத்தொன்பது நாள் கழித்து, மடித்து மடித்துக் கசங்கிய ஒரு கடிதத்தில் வந்தது. அதை வாசித்துவிட்டு அப்பா நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அப்போது சின்னப் பிள்ளை. அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்து மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அந்தரம், அந்தப் பதற்றம் தொடங்கியது என்று அம்மா சொல்வார். தொலைபேசி அடித்தால் அப்பா எழும்பி நின்றுவிடுவார். பக்கத்து வீட்டில் அடித்தாலும் நிற்பார். வேலைக்குப் போன காலத்தில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. பென்சன் எடுத்த பிறகு வீடு முழுக்க அதுதான். படலைப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். காஸ் அடுப்பை நாலு தரம். சாப்பிடும்போது கை நடுங்கும். நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, மனதை அமைதியாக வைத்திருங்கள் என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் சித்தப்பாவுக்குக் கோல் எடுத்து, சாப்பிட்டியோ, படுத்தியோ, கிணத்தடி வழுக்குது கவனம் என்று சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும்.

பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் சொல்லித்தான் ஒரு வெதமாத்தயாவிடம் போனோம். எங்கள் ஊரில் பரியாரியார் என்போமே, அப்படி ஒரு நாட்டு வைத்தியர். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக இருப்பவள். குளிசை எண்ணிக் கொடுத்துப் பழகிய கைக்கு இந்த எண்ணெயும் வேரும் லேசில் பிடிக்காது. வாசலிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் அரை மணித்தியாலம் அப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, எத்தனை கோப்பை கோப்பி, கால் குளிருமா, கனவு வருமா என்று. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயாவுக்கு உடம்புல வாதம் கூடிப் போச்சு. காத்து மாதிரி ஒரு இடத்துல நிக்காது. அத கீழ இறக்கணும். ஆஸ்பத்திரி குளிசை ஒண்ணையும் நிப்பாட்ட வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

அந்தக் கடைசி வசனத்துக்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

இருபத்தொரு நாள் முறை. விடியுமுன் எழும்ப வேண்டும். வெந்நீர், பிறகு வல்லாரை போட்ட இலைக்கஞ்சி. காலையில் இளஞ்சூடான எண்ணெயைத் தலையில் ஊற்றி, ஊற வைத்து, துணியால் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். காலையும் மாலையும் கஷாயம், எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சியது. கோப்பி அறவே இல்லை. ஏழு மணிக்கு முன் இரவுச் சாப்பாடு. படுக்குமுன் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்து, சாதிக்காய் உரசிய பால். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்:

"தலையில எண்ணெய் வைக்கிற நாள்ல சண்டை வேணாம், சத்தம் வேணாம், டிவி நியூஸ் வேணாம், போன் வேணாம். கெட்ட கதை ஒண்ணும் ஐயா காதுல போட வேணாம்."

அப்பா தானே கைபேசியை அணைத்து என் கையில் தந்தார். அதற்கு முன் சித்தப்பாவுக்கு ஒரு கோல்.

"தம்பி, இருபத்தொரு நாளைக்குக் கதைக்க மாட்டன். முடிய அங்க வாறன். ரெண்டு கிழமை நிப்பன்."

"அண்ணை, மண்டையில எண்ணெய் ஊத்த ஊத்த உள்ள இருக்கிற கொஞ்சமும் வழுக்கி வெளிய போகப்போகுது, கவனம்!" என்று சித்தப்பா சிரித்தது எனக்கும் கேட்டது. அப்பாவும் சிரித்தார். ஒரு திங்கட்கிழமை காலை எண்ணெய் தொடங்கியது.

முதல் மூன்று நாளும் அப்பா கூண்டுக்குள் அடைபட்டவர் போல விறாந்தையில் நடந்தார். ஐந்தாம் நாள் கை நடுக்கம் குறைந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்தார். பக்கத்து வீட்டுத் தொலைபேசி அடித்தது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அது அடித்து ஓய்ந்தது. அப்பா எழும்பவில்லை. அம்மா குசினிக்குள் போய் அழுதார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு நாளை நாங்கள் கண்டதில்லை.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அம்மா அப்பாவின் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். என் கைபேசி அதிர்ந்தது. சித்தி.

"பிள்ளை, சித்தப்பா போயிட்டாரடி. குளிச்சிட்டு வந்து இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார். அத்தானைக் கூட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறம். அத்தானுக்காகத்தான் ஞாயிறு வரைக்கும் வைக்கிறம்."

அத்தான் என்று சித்தி சொல்வது அப்பாவை. யன்னலால் பார்த்தேன். அப்பா கண்ணை மூடி, முகம் தெளிந்து இருந்தார். அந்த முகத்திடம் போய் இதைச் சொல்வதா? நெஞ்சு பிடித்து விழுந்துவிட்டால்? என் மூளை மருந்தாளரின் மூளை. தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது, கோர்ஸ் முடிய வேண்டும் என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிறவள் நான். இன்னும் ஒன்பது நாள். அதுதான் மனதில் வந்தது. இருவர் உயிரில் ஒன்று போய்விட்டது, மற்றதையாவது காப்பாற்றுவோம் என்று நியாயம் பேசிக்கொண்டேன்.

குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன், சத்தம் வெளியே போகக்கூடாதென்று. அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்.

"பிள்ளை, அவரின்ர கூடப்பிறப்படி. சொல்லாமல் விட்டால் பாவம்."

"சொல்லி அவருக்கு ஏதும் நடந்தால், அது பாவமில்லையோ?"

பத்து மணிக்குச் சித்தி மறுபடி எடுத்தார், எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று. அப்போது நான் சொன்ன பொய்யை எழுத்துக்கு எழுத்து இங்கே தருகிறேன். "அப்பாவுக்குச் சொல்லிட்டன் சித்தி. அவருக்கு ஏலாது. பிரயாணம் செய்ய விடேலாதெண்டு வைத்தியர் சொல்லிட்டார்." வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்கவே இல்லை.

அம்மா என் சொல்லுக்கு இணங்கினார். ஆனால் ஒன்றில் மட்டும் அசையவில்லை. துடக்கு. கூடப்பிறந்தவர் இறந்தால் முப்பத்தொரு நாள் தீட்டு, சாமியறை திறப்பதில்லை, விளக்கில்லை, பூவில்லை. "பொய் சொல்லச் சொன்னாய், சொல்லுறன். துடக்கோட சாமிக்கு விளக்கேத்தச் சொல்லாதை" என்றார். அப்பாவுக்கு என்ன சொல்வது? சாமியறையில் கறையான், மருந்து அடித்திருக்கிறது, கிட்டப் போனால் மணம் கூடாது என்று இன்னொரு பொய். அப்பா தலையாட்டினார். எந்த மருந்து என்று கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கிரியையை வெளிநாட்டு உறவுகளுக்காக நேரலையில் போட்டார்கள். நான் குசினியில் கஷாயச் சட்டிக்குப் பக்கத்தில், சத்தத்தை அடைத்துவிட்டுக் கைபேசியில் பார்த்தேன். சித்தப்பாவின் தலைமாட்டில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. யாருக்குப் போட்டது என்று கேட்கத் தேவையில்லை. சித்தி அடிக்கடி வாசல் பக்கம் பார்த்தார். வரமாட்டோம் என்று நான் சொன்ன பிறகும் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதில் கஷாயம் வற்றிச் சட்டி கருகிவிட்டது.

"என்ன பிள்ளை கருகுது?" என்று முன்னறையிலிருந்து அப்பாவின் குரல்.

"ஒண்டுமில்லை அப்பா. கவனிக்கேல்லை. திரும்பப் போடுறன்."

"அதுக்கென்ன, ஆறுதலாப் போடு" என்றார். அவ்வளவு சாந்தமாகச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் தலையைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பதினாறாம் நாள் காலை. தலையில் எண்ணெய்த் துணியோடு முற்றத்தில் இருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வா. செவ்வரத்தம்பூ நாலு நாளா மரத்திலேயே கிடந்து வாடுது. உன்ர கொம்மா காய்ச்சலோடயும் பூ ஆயிற மனுஷி. இந்த வீட்டில துடக்கு. ஆர்?"

"கறையானுக்கு அடிச்ச மருந்து…"

"ஆர் எண்டு கேட்டனான்."

அம்மா வாசற்படியில் வந்து நின்றார். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பியோ?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"எடுத்தாச்சோ?"

"ஞாயிற்றுக்கிழமை எடுத்திட்டினம் அப்பா."

உடனே நான் செய்த வேலை என்ன தெரியுமா? பிரஷர் மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தேன். அப்பா கையை உதறினார். என் வாழ்நாளில் அப்பா என்னை உதறியது அந்த ஒரு தரம்தான்.

"உதை அங்கால வை. என்ர தம்பிக்கு நான் அழுறதுக்கும் உன்ர மெசின் சரி சொல்ல வேணுமோ?"

பிறகு எழும்பிப் போய் வெளிக் குழாயடியில் இருந்து, பச்சைத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். இழவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும் அல்லவா? பதினாறு நாள் ஊறிய எண்ணெய் பச்சைத் தண்ணீருக்குப் போகவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார். "அம்மா போனது தெரிஞ்சது பத்தொன்பது நாளுக்குப் பிறகு. இவன் போனது நாலு நாளுக்குப் பிறகு" என்று மட்டும் சொன்னார். அப்பம்மாவுடைய செய்தி வராமல் போனது லைன் அறுந்ததால். இந்த லைனை அறுத்தவள் அவர் பெற்ற மகள். அதை அவர் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஈரத்தோடு வந்து என் கைபேசியை வாங்கிச் சித்திக்கு எடுத்தார். சித்தி உரக்கப் பேசியது எனக்கும் கேட்டது.

"இப்பதான் நினைவு வந்ததோ அத்தான்? பிள்ளை வெள்ளிக்கிழமையே உங்களுக்குச் சொல்லிட்டன் எண்டவள். எண்ணெய் காயட்டும் எண்டு இருந்தனீங்களோ? அவர் உங்களை அப்பா மாதிரி எண்டெல்லோ சொல்லித் திரிஞ்சவர்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தயாராக இருந்தேன். 'எனக்குத் தெரியாது தங்கச்சி, இவள்தான் மறைச்சவள்' என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும் என்று நின்றேன்.

"ஓம் தங்கச்சி. பிழை என்னிலதான்" என்றார்.

மறுமுனையில் தொடர்பு அறுந்தது. நான் கைபேசியைப் பறிக்கப் போனேன். அப்பா தரவில்லை.

"உனக்கு இன்னும் கன காலம் அங்க போய் வரக் கிடக்கு. உன்னில இந்தச் சொல் விழுந்தால் ஆயுளுக்கும் நிக்கும். நான் இருக்குமட்டும் வாய் திறக்கப்படாது."

நான் வாய் திறக்கவில்லை. அப்பாவின் கட்டளை ஒரு காரணம். எனக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதை இந்த மலரில் மறைக்க மாட்டேன்.

அந்தக் கிழமையே வெதமாத்தயாவிடம் போய்ச் சண்டை பிடிக்கும் எண்ணத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் திகைத்துப் போனார்.

"மிஸ், நான் சொன்னது டிவியில வாற நியூஸும் ஊர் வம்பும். தம்பி செத்தது நியூஸ் இல்லதானே? எனக்கு ஒரு கோல் குடுத்திருந்தா எண்ணெய நிப்பாட்டி, கஞ்சி குடுத்து, நானே வேன் பிடிச்சு அனுப்பியிருப்பேன். எண்ணெய அப்புறம் வைக்கலாம்தானே."

ஒரு கோல். ஊரெல்லாம் கோல் எடுக்க வைத்த மனுஷனின் மகளுக்கு அந்த ஒரு கோல் எடுக்கத் தோன்றவில்லை. குறை அவருடைய வைத்தியத்தில் இல்லை. குறை என் அவசரப் புத்தியில்.

சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அப்பா தனியாக பஸ் ஏறி மீசாலைக்குப் போனார். என்னை வரவேண்டாம் என்றார். அங்கே யாரும் அவரை வாங்கோ என்று கூப்பிடவில்லை, பந்தியின் கடைசியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று பிறகு வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வந்த அப்பாவிடம் எப்படி என்று கேட்டேன். "சனம் நல்லா வந்தது" என்றார்.

மூன்று மாதம் கழித்து அப்பா தானாகவே எண்ணெயைத் திரும்பத் தொடங்கினார். இந்த முறை இருபத்தொரு நாளும் முடித்தார். மனம் அமைந்ததா என்று கேட்பீர்கள். முழுதாக இல்லை. தொலைபேசி அடித்தால் தலை நிமிரும், ஆனால் எழும்பி நிற்க மாட்டார். விடியுமுன் எழும்புவது, இலைக்கஞ்சி, மாலை நடை, உள்ளங்காலுக்கு எண்ணெய் எல்லாவற்றையும் கடைசிவரை விடவில்லை. ஐந்து மணித்தியாலமாவது நித்திரை கொண்டார். சித்தப்பாவுக்கு வழமையாகக் கோல் எடுக்கும் மூன்று நேரத்திலும் பேசாமல் இருப்பார். நாங்களும் அந்த நேரத்தில் அவரிடம் ஒன்றும் கேட்க மாட்டோம்.

சென்ற மாதம் சளி நெஞ்சில் கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பின்னேரத்தில் உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். எட்டாம் நாள் அப்படித் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, சித்திக்கு உண்மையைச் சொல்லட்டோ?"

கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரை என்று நினைத்தேன். "பிறகு பாப்பம்" என்றார். மறுநாள் அப்பா இல்லை.

அப்பாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அவரை நாற்பத்து மூன்று படியும் தோளில் சுமந்த அயலவர்களுக்கும், அவருடன் கம்பம் ஏறிய பழைய சகாக்களுக்கும், செத்தவீடு முடியும்வரை வெயிலில் நின்ற வெதமாத்தயாவுக்கும், மீசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவின் மகன் வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒரு வாய் தேநீரும் குடிக்காமல் போனான். அவனுக்கும் நன்றி. சித்தி வரவில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயம்தான்.

சித்தி, இந்த மலரின் முதல் பிரதி உங்களுக்கு. தபாலில் போட மாட்டேன். அப்பாவின் அந்தியேட்டிக்கு ஒரு கிழமை முன்னதாக நானே கொண்டு வந்து உங்கள் படலையில் நிற்பேன். மற்றவர்கள் இதை வாசிக்கும்போது நான் வந்து நின்றிருப்பேன். என்ன நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் ஏச வேண்டியதை எல்லாம் எனக்கு ஏசுங்கள். திரும்பிப் போ என்றால் போய்விட்டு மறுநாளும் வருவேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணை வராமல் விட்டவர் இல்லை. அண்ணைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.